எங்கள் முறைக்கு வந்த தங்கம்

அப்பா,

இன்று காலை பக்கத்துக் காட்டுக்காரர்கள் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். முதல் வெடிக்கே அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். அடுத்த இரண்டு வெடிகளுக்கும் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சத்தம் ஓய்ந்த பிறகு வாடை வந்தது. கருகின தீக்குச்சியும் கெட்டுப்போன முட்டையும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை. கடைசி ஏழெட்டு மாதம் உங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் சோறு பிசைந்த விரல்களிலும் இருந்த அதே வாடை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. உங்களைக் கொன்றதாகப் பெரியப்பா மேல் நடக்கும் வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். ஒன்பது நாளைக்கு முன்னால் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அங்கே நான் சொன்னதைக் கேட்ட மாமா அதன்பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா என்னிடம் பேசுவதில்லை. நான் சொன்னதை வைத்து ஊர் உங்களைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் அதை ஊர் வாயிலிருந்து கேட்க வேண்டாம். நானே எழுதிவிடுகிறேன். எழுதுவதென்றால் எனக்குக் கொஞ்சம் வரும்.

பேச வராது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து புத்தகத்தை விரித்து நிற்பேன், வகுப்பு சிரிக்கும், உட்கார்ந்துவிடுவேன். ஒன்பதாவதோடு நின்றபோது அம்மா என்னை ஏலக்காட்டு வேலைக்குக் கூட்டிப்போனாள். இருட்டோடு கிளம்பும் ஜீப்பில் பதினாறு பேர் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறுவோம். "ஏன்டி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லி அழுதபோது நீங்கள் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "என் ஆத்தாவுக்கு வாய் எதுக்கு? அதான் ரெண்டு கண்ணு இருக்குல்ல." அதற்கு முந்தின வாரம்தான் வைக்கோலுக்குள் விழுந்த அம்மாவின் மூக்குத்தித் திருகை நான் தேடி எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலை எழும்பும் இடத்தில் நம் காடு. தாத்தா பாகம் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்கினார். கிணற்றை இரண்டாக்க முடியவில்லை. அதனால் நாலு நாள் தண்ணீர் நமக்கு, அடுத்த நாலு நாள் பெரியப்பாவுக்கு. மேட்டிலிருக்கும் புளியமரத்தின் உச்சிக் கிளையில் காலை வெயில் விழுந்தால் முறை மாறும். பெரியப்பா மோட்டார் அறை வாசலில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெயில் விழுந்ததும் நீங்கள் சுவிட்சை அணைப்பீர்கள், அவர் போடுவார். பாத்தியில் பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தாலும் நீங்கள் ஒரு நிமிஷம் கூடக் கேட்டதில்லை. "மொறைன்னா மொறைதான். அதுல அண்ணன் தம்பியெல்லாம் கெடையாது" என்பீர்கள். அவரும் அப்படித்தான். ஊரில் மற்ற பங்காளிகளெல்லாம் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்ற வருடங்களிலும் உங்கள் இரண்டு பேருக்குள் ஒரு சொல் தடித்ததில்லை.

பிறகு கிணறு வற்றியது. இரண்டு வருடம் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் முறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு யார் முறை என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் சட்டென்று பதில் வரும். இளவயதில் ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போய் வெடி வைத்தவர் நீங்கள். "இன்னும் ரெண்டு மட்டம் எறங்கினா ஊத்துக்கண்ணு தெரியும்ணே" என்று பெரியப்பாவிடம் சொன்னீர்கள். "எனக்கு இடுப்பு ஒத்துழைக்காதுப்பா. நீ வெட்டு. தண்ணி வந்தா ஒனக்கு மாலை போடுறேன்" என்றார் அவர்.

மூன்றாவது வெடிக்குப் பிறகு, மார்கழி மாதத்தில், உடைகல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். கருங்கல்லின் உடைந்த முகத்தில் மஞ்சளாக, சின்னச் சின்னச் சதுரமாக மின்னியது. எடுத்து உங்கள் முன்னால் நீட்டினேன். நீங்கள் வெயிலில் திருப்பிப் பார்த்தீர்கள். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தீர்கள். பிறகு கிணற்று மேட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கல்லை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டீர்கள்.

"பொட்டிபுரத்து மலையை ஆராய்ச்சிக்குன்னு சர்க்கார்ல கொடையப் போறோம்ங்கிறாங்களே, சும்மாவா? இந்த மலை அடியில என்னமோ ஓடுது ஆத்தா. அந்த ஓட்டம் நம்ம கெணத்துக்குள்ள வந்திருக்கு."

"தங்கமாப்பா?"

"மெதுவா. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத." சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். "ஒனக்குப் போயி இதைச் சொல்றேன் பாரு."

அன்றிலிருந்து தண்ணீர் உங்களுக்கு மறந்துபோனது. என்னை ஏலக்காட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் வெடி வைப்பீர்கள், புகை அடங்கினதும் நான் இறங்கிக் கல் பொறுக்குவேன். மின்னுகிற கல்லை மட்டும் கழுவி மோட்டார் அறையில் சாக்குக்குள் போட்டு மூடி வைத்தோம். அதிலும் நீங்கள் முறை தவறவில்லை. நம் நாலு நாள் மட்டுமே வெட்டினீர்கள். புளியமரத்தில் வெயில் விழுந்தால் கடப்பாரையைச் சாத்திவிட்டு மேலே வந்துவிடுவீர்கள். பெரியப்பாவின் நாலு நாளும் கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு காவல் காப்பீர்கள். "என் மொறைல வந்தது என் தங்கம். இதுல பாவம் ஒன்னும் இல்ல" என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அவசரத்தில் வெடி மருந்தை அள்ளித் திணித்தீர்கள். தை மாதம் ஒரு கல் பறந்து வந்து கட்டிப் போட்டிருந்த சினை ஆட்டின் வயிற்றைக் கிழித்தது. அது சாக அரை மணி நேரம் ஆனது. நீங்கள் மேலே வந்து பார்த்துவிட்டு "குழியை இன்னும் சாய்ச்சுப் போடணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கிவிட்டீர்கள். இன்னொரு வெடியில் என் நெற்றி பிளந்தது. நீங்களே சட்டையைக் கிழித்துக் கட்டினீர்கள். கட்டிக்கொண்டே, என் கையில் இருந்த கல்லைத்தான் பார்த்தீர்கள்.

மாசியில் அம்மாவின் தோடு காதிலிருந்து இறங்கியது. மருந்துக்கும் திரிக்கும் போனது. "ஒரு ஆசாரிட்டயாவது காட்டிக் கேளுய்யா. தங்கமா என்ன கருமமான்னு தெரியட்டும்" என்றாள் அம்மா. நீங்கள் வாளிக் கயிற்றை எடுத்தீர்கள். அதற்கு முன் அம்மாவை நீங்கள் அடித்து நான் பார்த்ததில்லை. "காட்டுனா நாளைக்கே ஊரு வந்து நிக்கும்டி. சர்க்கார் வந்து நிக்கும். எம் மண்ணை எங்கிட்ட இருந்து புடுங்க வழி சொல்றியா?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. கயிறு ஈரமாக இருந்தது. மறுநாள் அம்மா ஜாக்கெட் போட முடியாமல் சேலையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். ஜீப்புக்காரர் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு நாள் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு போடிக்குப் பஸ் ஏறினேன். முந்தானை முடிச்சில் ஒரு கல். நகைக்கடைகள் இருக்கும் சந்தில் இரண்டு தடவை நடந்தேன். எந்தப் படியிலும் கால் ஏறவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பட்டறையில் வயசான ஆசாரி ஒருவர் அவராகவே கூப்பிட்டார்.

"என்ன பாப்பா வேணும்? போறதும் வர்றதுமா இருக்க?"

கல்லை அவர் முன்னால் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார். உரைகல்லில் தேய்த்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது. சுத்தியலை எடுத்து மஞ்சள் இருந்த இடத்தில் மெல்லத் தட்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு பொடியை எடுத்துக் கரியடுப்பில் போட்டார். நம் கிணற்று வாடை எழும்பியது.

"தங்கம்னா தட்டத் தட்டத் தகடாகும். இது நொறுங்குது பாத்தியா? மோந்து பாரு. கந்தகம். மலையடியில கெணறு வெட்டுறவங்க இப்படித்தான் கொண்டாந்து காட்டுவாங்க. வீட்ல சொல்லு, சும்மா மெனக்கெட வேணாம்னு."

தோடு சரிசெய்ய வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "பாவம், கல்யாணத்துக்கு நகை தேடுது போல!" நான் கல்லை எடுக்காமலே ஓடி வந்துவிட்டேன்.

பஸ்சில் நான்கு வாக்கியம் தயார் செய்தேன். அப்பா, நான் போடிக்குப் போனேன். ஆசாரியிடம் காட்டினேன். அது கந்தகக் கல். வெட்ட வேண்டாம். இவ்வளவுதான். இறங்கி நடக்கும்போதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் கிணற்று மேட்டில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றீர்கள். "எங்க போய்ட்ட ஆத்தா? நீ இல்லாம எனக்கு ஒரு கல்லும் அம்புடல. ஒன் கண்ணுக்குத்தான் அது தெரியுது. வா வா, வெரசா எறங்கு." கையைப் பிடித்து முதல் படியில் நீங்களே இறக்கிவிட்டீர்கள்.

நான் சொல்லவில்லை.

பயத்தில் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அம்மா முதுகைப் பார்த்திருந்தேன், பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை அப்பா. பள்ளிக்கூடத்திலும் ஜீப்பிலும் நான் ஆள் கணக்கிலேயே இல்லாதவள். அந்தக் கிணற்றுக்குள் மட்டும் நான் இல்லாமல் வேலை ஓடாது. நீங்கள் என் பின்னாலேயே வந்து "இதுவா? இதுவா?" என்று கேட்பீர்கள். நான் ஆமாம் என்று தலையசைத்தால் உங்கள் முகம் விரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. வெறும் கல் என்று தெரிந்துகொண்டே நாலு மாதம் உங்களுக்குப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த நாலு மாதமும் அம்மா அடி வாங்கினாள்.

சித்திரையில் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் ஒளித்த விதம்தான் காட்டிக்கொடுத்தது. அவருடைய முறை நாளில் அவர் நேராக மோட்டார் அறைக்குள் போய்ச் சாக்கைப் பிரித்துவிட்டார்.

"தண்ணிக்கு வெட்டுறவன் கல்லை எதுக்குடா கழுவுறான்?"

"என் மொறைல எடுத்தது. ஒனக்கு அதுல என்ன சோலி?"

"தண்ணிக்குத்தான்டா மொறை. தங்கத்துக்குப் பாதி."

"தங்கம்னு யாரு சொன்னா?"

"அப்ப வெறுங்கல்லா? சரி, எடுத்துட்டுப் போய்க் கொல்லைக்குப் போற எடத்துல போட்டுக்கிறேன்" என்று சாக்கைத் தூக்கினார். நீங்கள் அவர் கையைப் பிடித்தீர்கள். அப்போது இரண்டு பேரும் இழுத்துத் தள்ளிக்கொண்டீர்கள், அடித்துக்கொள்ளவில்லை. சாக்கு கிழிந்து கல் சிதறியதும் இரண்டு பேருமே குனிந்து பொறுக்கினீர்கள்.

மறுநாளே பெரியப்பா இடுப்பு வலியை மறந்தார். தன் நாலு நாளில் அவர் வெட்டினார், நம் நாலு நாளில் நீங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் முறை வைத்து ஒன்றுமில்லாததை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் மேலே நின்று இரண்டு பேரையும் பார்ப்பேன். அவர் தன் பங்குக்கு அடையாளமாகக் கிணற்றுச் சுவரில் சந்தனம் பூசினார், நீங்கள் அதைச் சுரண்டி எறிந்தீர்கள். அவர் நம் ஏணியை உடைத்தார். நீங்கள் அவர் படப்புக்குத் தீ வைத்தீர்கள். காற்று மலைப் பக்கமிருந்து அடித்ததால் ஒரு வருடத்து வைக்கோலும் கால் மணி நேரத்தில் எரிந்து முடிந்தது. கட்டவிழ்க்க நேரமில்லாமல் ஒரு கன்றுக்குட்டியும் போனது. அது கத்தியதை நம் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டோம். அம்மா எழுந்தாள். நீங்கள் "உக்காரு" என்றீர்கள். உட்கார்ந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆடி பிறந்து சாரல் தொடங்கியிருந்தது. நம் முறையின் கடைசி நாள் மாலையில் வைத்த வெடியில் கிணற்றின் மேற்குச் சுவர் பிளந்து மஞ்சள் பட்டையாகத் தெரிந்தது. புகை அடங்குவதற்குள் பொழுது போய்விட்டது. "காலைல வெயில் விழுறதுக்குள்ள அம்புட்டையும் அள்ளிறணும்" என்றீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

காலையில் அம்மா ஜீப் ஏறிப் போனபிறகு நாம் இரண்டு பேரும் காட்டுக்கு வந்தோம். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து காட்டையே மூடியிருந்தது. புளியமரம் அடி மட்டும்தான் தெரிந்தது. கிணற்றுக்குள் நாம் கல் அள்ளிக்கொண்டிருந்தபோது மேலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"டேய், ஏறி வாடா மேல. விடிஞ்சிருச்சு."

"வெயில் எங்கண்ணே விழுந்துச்சு? மரத்தைப் பாரு."

"மரத்தையே காணோம், இவன் வெயிலைத் தேடுறான். ஆட்டுக்காரனே மலைக்குப் போய்ட்டான். சூரியன் லீவு போட்டா ஒனக்கு நாளு முடியாதோ?"

"வெயில் விழுந்தாத்தான் மொறை மாறும். நானா வச்ச சட்டம்?"

"அப்ப ஆடி முச்சூடும் ஒன் மொறைதானா?"

"மழை விட்டதும் வா, தர்றேன்."

மேலே அவர் சிரித்த சத்தம் கேட்டது. கீழே நீங்களும் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தோடு அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுகூட நினைத்தேன்.

அவர் படியில் இறங்கி வந்தார். வந்து, பட்டை விழுந்த பெரிய கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வையிண்ணே கீழ."

"இது விடிஞ்சப்பறம் எடுத்தது. என் மொறை."

"நேத்து நான் வெடிச்சது. வையி."

"மாட்டேன்."

"வையிடா கீழ!"

உங்கள் அண்ணனை நீங்கள் டா போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. பெரியப்பா உங்களையே பார்த்தார். பிறகு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் ஓங்கிப் போட்டார். அது ஆசாரி தட்டியது போலவே உதிர்ந்தது. மஞ்சள் பொடி ஈரப் பாறை முழுக்கச் சிதறியது. நீங்கள் கடப்பாரையை எடுத்தீர்கள்.

முதல் அடி அவருடைய இடது தோளில் விழுந்தது. பச்சை முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அவர் உடைகல்லின் மேல் மல்லாக்கச் சரிந்தார். கை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நீங்கள் நிற்கவில்லை. கடப்பாரையைத் திருப்பிக் கூர்முனை கீழே வரும்படி இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினீர்கள். அவர் "வேணாம்டா தம்பி, வேணாம்டா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நல்ல கை பக்கத்தில் துழாவியது. நம் சின்னச் சம்மட்டி அதில் அகப்பட்டது. இரண்டையும் நான் பார்த்தேன். கடப்பாரை அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

நான் கத்தினேன். "அப்பா! அது தங்கம் இல்லப்பா!"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கடப்பாரை தூக்கியபடியே நின்றது. அதே நேரத்தில் பெரியப்பா முழங்காலில் எழும்பி ஒரு கையால் சம்மட்டியை வீசினார். உங்கள் பின்மண்டையில் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நீங்கள் என் பக்கமாகவே முகம் குப்புற விழுந்தீர்கள். நான் தனியாகப் பிரித்து வைத்திருந்த கற்களின் மேல் ரத்தம் வேகமாகப் பரவியது. பெரியப்பா ஒற்றைக் கையால் உங்களைப் புரட்டிப் போட்டு உலுக்கினார். "ஏந்திரிடா. ஏந்திரிடா தம்பி. எல்லாத்தையும் நீயே எடுத்துக்கடா. எனக்கு ஒன்னும் வேணாம்டா." அவர் வாயில் எச்சில் வழிந்தது. நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ் வந்தபோது எனக்குப் பதிலாக மாமாதான் பேசினார். "பின்மண்டையில அடி சார். பின்னால இருந்து வந்து அடிச்சிருக்கான். நேருக்கு நேரா நின்னா எம் மச்சானை இவன் தொட முடியுமா? அப்படித்தானே பாப்பா?" நான் தலையசைத்தேன். எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு தலையசைப்பில் பெரியப்பா உள்ளே போனார். அடி பின்னால் ஏன் பட்டது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் மாமா வந்து சொல்லிக்கொடுத்தார். "நீ ஒன்னும் பேச வேணாம் பாப்பா. வக்கீல் கேப்பாரு, ஆமான்னு சொல்லு. அம்புட்டுதான்."

கூண்டில் ஏறி நின்றபோது எதிரே பெரியப்பா இருந்தார். தாடி நரைத்துப்போய், இடது கை சட்டைக்குள் சும்மா தொங்கியது. அரசு வக்கீல் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "உங்க அப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்து இவர் அடிச்சாரா?"

"எங்கப்பாதான் மொதல்ல அடிச்சாரு."

"என்ன?"

நீதிபதியம்மா நிமிர்ந்தார். "சத்தமா சொல்லும்மா."

"எங்கப்பாதான் மொதல்ல அடிச்சாரு. கடப்பாரையால. ரெண்டாவது குத்தப் போனாரு."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "அப்படின்னா அடி எப்படிப் பின்மண்டையில பட்டுச்சு?"

"நான் கூப்பிட்டேன். எங்கப்பா என்னையத் திரும்பிப் பாத்தாரு."

"என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"அது தங்கம் இல்லன்னு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆசாரிட்டக் காட்டினேன். அதுக்கு நாலு மாசம் முன்னாடியே தெரியும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் முன்பு சொன்னதை மாற்றிப் பேசுவதால் என்னைப் பிறழ் சாட்சி என்று எழுதச் சொன்னார் வக்கீல். அதற்குப் பிறகு அவர் நல்ல மாதிரியாகக் கேட்கவில்லை. பெரியப்பா எவ்வளவு கொடுத்தார், யார் சொல்லிக்கொடுத்தது என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெரியப்பா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. என்ன வருமென்று தெரியாது.

வெளியே வராந்தாவில், வக்கீல்களும் போலீஸ்காரர்களும் பார்க்க, அம்மா என்னை அறைந்தாள். "இத்தனை வருசமாப் பேசாத வாயி, அப்பனைக் கொன்னவனுக்குப் பேசத்தானாடி இன்னைக்குத் தொறந்துச்சு?" மறுபடி அறைந்தாள். உதடு கிழிந்தது. மாமா அவளைப் பிடித்து இழுத்தார். நான் அசையாமல் நின்றேன்.

பஸ்சில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நம் ஊருக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நாலு மாசமாத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் அடி வாங்கும்போதும் தெரியும்."

"தெரியும்."

அதன்பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. தட்டில் சோறு வைத்து நகர்த்திவிடுகிறாள். ராத்திரி அவள் ஒருக்களித்துப் படுக்கும்போது முதுகில் அந்தத் தழும்புகள் தெரியும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஊர் சொல்கிறது. பெரியப்பாவைக் காப்பாற்றப் பார்த்தேன் என்றும் சொல்கிறது. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். முதலிலேயே சொல்லியிருந்தால் கோபத்தில் என்னை அடித்திருப்பீர்கள். அடித்துவிட்டு இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பீர்கள்.

கோர்ட்டில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் கத்தியபோது "அப்பா" என்பது முதலில் வந்தது, மற்றது பின்னால். கிணறு இரண்டையும் ஒன்றாக்கித் திருப்பிச் சொன்னது. நீங்கள் திரும்பியது எந்தச் சொல்லுக்கு? திரும்பியபோது உங்கள் முகத்தில் கோபம் இல்லை. புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ கேட்க வருகிற மாதிரி. தங்கம் இல்லையா என்றா? இல்லை, மகள் கூப்பிட்டாள் என்று என்ன ஆத்தா என்றா? ஏலக்காட்டில் செடிக்கடியில் உட்கார்ந்து காய் பறிக்கும்போதும், வளைவுகளில் ஜீப் சாயும்போதும் அந்த முகத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூன்று வருடமாகப் பார்க்கிறேன் அப்பா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.